வள்ளி கும்மிப் பயிற்சிக்கு வி.எல்.சி செருகுநிரல்: ஒரு மடிக்கணினியில் மட்டும் குறிகள் சேமிக்கப்படுவதில்லை

அவிநாசித் தேர்

வணக்கம். அன்னூர்ப் பக்கம் என் அத்தை ஊரில் வள்ளி கும்மிக் குழு ஒன்று இருக்கிறது. மாலையில் கோயில் திடலில் ஆசிரியர் பாடி ஆடிக் காட்டுவதைக் கைபேசியில் பதிவு செய்துகொள்கிறார்கள். ஆசிரியர் வராத நாட்களில் மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, அந்தப் பதிவைப் பார்த்து ஆடிப் பழகுகிறார்கள். பதிவுகள் நீளமானவை. ஒரு பாட்டுக்கான காலடியைத் தேடி முன்னும் பின்னும் இழுப்பதிலேயே பயிற்சி நேரம் கரைகிறது.

இதற்காக வி.எல்.சி என்ற வீடியோ பிளேயருக்கு லுவா என்ற நிரல்மொழியில் ஒரு நீட்சி, அதாவது செருகுநிரல், எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓடும் படத்தில் ஓர் இடத்தைக் குறித்து, அதற்குத் தமிழில் பெயர் வைத்து, பட்டியலில் பெயரைத் தொட்டால் அந்தப் பகுதி மட்டும் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். வேகத்தைக் குறைக்கவும் வேண்டும். முழுக்கக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட எண்ணம்.

என் கணினியில் எல்லாம் சரியாக நடக்கிறது. அத்தை வீட்டு விண்டோஸ் மடிக்கணினியில் மட்டும் குறிகள் கோப்பு உருவாவதே இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. இரண்டிலும் ஒரே வி.எல்.சி 3 பதிப்பு. எங்கே பார்க்க வேண்டும்?

நொய்யல்கரை

தம்பி, இரண்டு கேள்விகள். அந்த மடிக்கணினியில் பயனர் கணக்கின் பெயர் தமிழிலா இருக்கிறது? கோப்பைத் திறக்க லுவாவின் வழக்கமான ஐ.ஓ நூலகத்தையா பயன்படுத்துகிறாய்?

பிழைச் செய்தி வரவில்லை என்று சொல்லாதே, வந்திருக்கும். கருவிகள் பட்டியலில் 'செய்திகள்' சாளரத்தைத் திறந்து, விவர அளவை 2 என்று வைத்துவிட்டு நீட்சியை ஓட்டிப் பார். நீட்சிக்குள்ளிருந்து நீயே எழுதும் குறிப்புகளும் அங்கேதான் விழும்.

அவிநாசித் தேர்

ஆமாம் அண்ணா, கணக்கின் பெயர் அத்தையின் பெயர், தமிழில் இருக்கிறது. ஐ.ஓ நூலகம்தான் பயன்படுத்துகிறேன். செய்திகள் சாளரத்தில் பார்த்தேன்: கோப்பு திறக்கவில்லை என்றுதான் இருக்கிறது.

நொய்யல்கரை

அப்படியானால் காரணம் தெரிந்துவிட்டது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தமிழில் கோப்புப் பெயர் வைக்கிற எல்லோருக்கும் இது வரும்.

விண்டோஸில் பழைய வகை நிரல்கள் கோப்புப் பெயரை அந்தக் கணினியின் 'ஆன்சி' குறியாக்கப் பக்கத்தின் (ஒரு மொழியின் எழுத்துகளுக்கான எண் அட்டவணை) வழியாகப் படிக்கும். ரஷ்ய மொழிக்கு 1251, தாய் மொழிக்கு 874 என்று எண்கள் உண்டு. தமிழுக்கு அப்படி ஒரு பக்கமே கிடையாது. விண்டோஸில் தமிழ் தொடக்கத்திலிருந்தே யூனிகோட் வழியாக மட்டும் ஆதரிக்கப்பட்ட மொழி. ஆகவே ரஷ்யாவில் ஒருவர் தம் மொழியில் கோப்புப் பெயர் வைத்து அதிர்ஷ்டத்தில் தப்பித்துக்கொள்ளலாம், நமக்கு அந்த வழியும் இல்லை. லுவாவின் ஐ.ஓ நூலகம் அந்தப் பழைய வழியில் போகிறது. 'சி:\யூசர்ஸ்' என்பதற்குப் பின்னால் உன் அத்தையின் பெயர் வந்ததும் பாதை உடைந்துவிடுகிறது. அயலூர் நிரலாளர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்குக் காரணம் அலட்சியமல்ல. அவர்கள் கணினியில் இது ஒருபோதும் நிகழ்வதில்லை.

தீர்வு எளிது. வி.எல்.சி 3.0 பதிப்பிலிருந்து லுவாவுக்கென்று தனியாக 'வி.எல்.சி.ஐ.ஓ' என்ற தொகுப்பைத் தந்திருக்கிறார்கள். கோப்பு திறப்பது, கோப்புறை உருவாக்குவது, பட்டியலிடுவது எல்லாம் அதில் உண்டு. அது யு.டி.எஃப்-8இல், அதாவது யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறையில், உள்ள பாதையை அப்படியே ஏற்றுக்கொள்ளும். உன் நிரலில் ஐ.ஓ வருகிற இடமெல்லாம் அதை மாற்று. பாதையை நீயே கட்டாதே, 'யூசர்டேட்டாடிர்' என்று கேட்டால் வி.எல்.சி.யே சொல்லும்.

இன்னொன்று. ஓடுகிற படத்தின் முகவரியைக் கேட்டால் அது யு.ஆர்.ஐ வடிவில், இணைய முகவரிபோல, வரும். தமிழ் எழுத்தெல்லாம் சதவீதக் குறியாக மாறியிருக்கும். 'கும்மி' என்பதை எடுத்துக்கொள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் க, உகரக்குறி, ம, புள்ளி, ம, இகரக்குறி என 6 குறிகள். யு.டி.எஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 18 பைட். யு.ஆர்.ஐ.யில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகி 54 எழுத்து. நீளமான பெயரை இப்படியே குறிகள் கோப்புக்கு வைத்தால் பெயரின் நீளம் வரம்பைத் தாண்டிவிடும். 'டிகோட் யு.ஆர்.ஐ' என்ற செயற்கூறு வி.எல்.சி.யின் சரத் தொகுப்பிலேயே இருக்கிறது.

அவிநாசித் தேர்

மாற்றிவிட்டேன், கோப்பு உருவாகிறது! அண்ணா, மிக்க நன்றி. பட்டியலில் நீளமான பெயர்களின் கடைசியில் கட்டமும் கேள்விக்குறியும் வந்தது எதனால் என்பதும் இப்போது புரிகிறது. நான் 20 என்று வெட்டிக்கொண்டிருந்தது எழுத்தை அல்ல, பைட்டை.

பவானி கூடுதுறை

அந்த வெட்டுகிற இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன், தமிழ் எழுத்துருக்களோடு பல ஆண்டு மல்லாடியவன்.

லுவாவில் யு.டி.எஃப்-8 நூலகம் 5.3 பதிப்பில்தான் வந்தது. வீடியோ பிளேயர்களுக்குள் இருப்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய லுவா. ஆகவே கையால் செய்ய வேண்டும். முதல் படி: 128 முதல் 191 வரையுள்ள பைட் எதுவும் ஒரு யூனிகோட் குறியின் தொடர்ச்சி, அதற்கு முன்னால் வெட்டக் கூடாது. ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகளிலும் பெரும்பாலும் இவ்வளவு போதும், தமிழுக்குப் போதாது. குறியின் எல்லையில் சரியாக வெட்டினாலும் 'மி' என்பதில் ம மட்டும் நின்று இகரக்குறி போய்விடலாம். 'கும்' என்பதில் புள்ளி போனால் 'கும' என்று படிக்கும். படிக்கிறவருக்கு அது பிழையாகக்கூடத் தெரியாது, வேறு சொல்லாகத் தெரியும்.

ஆகவே இரண்டாம் படி: அடுத்த குறி உயிர்மெய்க் குறியா, புள்ளியா என்று பார். தமிழ்த் துணைக்குறிகள் பைட் வரிசையில் 224, 174 என்று தொடங்கி 190 அல்லது 191இல் முடியும். இல்லையென்றால் 224, 175 என்று தொடங்கி 128 முதல் 141 வரை எதிலாவது முடியும். ஔகார நீட்சிக் குறி மட்டும் தனியே 224, 175, 151. இவற்றுக்கு முன்னால் வெட்டாதே. பத்து வரிக்குள் எழுதிவிடலாம்.

மூன்றாவதாக, தேடல் வசதி வைக்கப் போகிறாயா? வைத்தால் 'கொ' இரண்டு விதமாக வரும் என்பதை நினைவில் கொள். ஒகரக்குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், எகரக்குறியும் கால்குறியும் தனித்தனியாகச் சேர்ந்தும் இருக்கலாம். திரையில் ஒரு வேறுபாடும் தெரியாது. ஆனால் 'கொங்கு' என்று தேடினால் கிடைக்காது. பழைய எழுத்துருக் குறியாக்கத்திலிருந்து மாற்றிய கோப்புகளில் இந்த இரண்டாம் வகை நிறைய. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் சேமிக்கும்போதே ஒரே வடிவமாக மாற்றிவிடு.

சோமனூர் தறி

நல்ல வேலை செய்கிறீர்கள். ஆனால் இதற்கு வி.எல்.சி ஏன் என்று கேட்கிறேன். எம்.பி.வி என்ற இன்னொரு கட்டற்ற பிளேயரில் இதே வேலை பாதி வரியில் முடியும்.

திரும்ப ஓட்டுவதற்கு 'ஏபி-லூப்-ஏ', 'ஏபி-லூப்-பி' என்று இரண்டு பண்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. மதிப்பைக் கொடுத்தால் போதும். வேகத்துக்கு 'ஸ்பீட்' என்று ஒரு பண்பு. நேரம் வினாடியில் வரும். எந்த விசைக்கும் எந்தச் செயலையும் கட்டலாம். ஒரு பண்பு மாறும்போது எனக்குச் சொல் என்று கேட்டு வைக்கலாம். நேரக்கடிகாரம் வைக்கலாம். வி.எல்.சி நீட்சியில் நேரக்கடிகாரமே கிடையாது. படம் மாறியது, நின்றது, தகவல் மாறியது என்பவை மட்டும்தான் தெரியும். இந்த வினாடி வந்ததும் திரும்பு என்று நீட்சிக்குள் எழுத முடியாது. அதற்காக 'இன்டர்ஃபேஸ்' வகை லுவா நிரலை இன்னொன்றாக எழுதி, இரண்டையும் பேச வைக்க வேண்டும். சுற்றி வளைத்த வேலை.

வேகம் குறைத்தால் குரல் கட்டையாகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். சுருதி மாறாமல் இழுப்பது இரண்டு பிளேயர்களிலும் இயல்பாகவே இருக்கிறது. எங்கள் விசைத்தறிப் பட்டறையில் நூல் அறுகிற இடத்தைப் பதிவு செய்து, மெதுவாக ஓட்டிப் பார்க்க எம்.பி.வி நிரல்தான் வைத்திருக்கிறேன். முற்றுப்புள்ளி விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேம்) நகரும்.

அன்னூர் கும்மி

நான் அந்தக் குழுவில் ஆடுகிறவள். இந்தத் தம்பி என்னை இங்கே எழுதச் சொன்னான். நிரல் பற்றி எனக்குத் தெரியாது, எங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன்.

நாங்கள் திடலில் வட்டமாக நிற்போம். மடிக்கணினிக்குப் பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. ஒருவர் ஓடிப்போய் அழுத்திவிட்டு வரிசைக்குத் திரும்ப வேண்டும். அதனால் விசைப்பலகையில் எந்த எழுத்து எதற்கு என்று நினைவு வைத்துக்கொள்ள முடியாது. பெயர் எழுதிய பட்டியல், பெரிய பொத்தான், சுட்டியால் ஒரு சொடுக்கு. அவ்வளவுதான் முடியும்.

பெயரை நாங்களே எழுத வேண்டும். ஆசிரியர் பாட்டின் முதலடியைச் சொல்லித்தான் 'இதை ஆடு' என்பார். பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று போட்டால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.

திரும்பத் தொடங்கும்போது நேராகப் பாட்டில் குதிக்கக் கூடாது. ஆசிரியர் அடியை எடுத்துக் கொடுப்பார், ஜமாப் மேளத்தின் அடி விழும், அதற்குப் பிறகுதான் எங்கள் கால் நகரும். குறித்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்கினால்தான் எல்லோரும் ஒன்றாகக் கால் வைக்க முடியும்.

கடைசியாக ஒன்று. ஆசிரியர் எங்களைப் பார்த்து நின்று ஆடினால் அவர் வலது கை எங்களுக்கு இடது பக்கம் தெரியும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் அதைப் பார்த்து இடக்காலை வைக்கிறார்கள். கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிக் காட்ட முடியுமா? ஆனால் சில பதிவுகள் பின்னாலிருந்து எடுத்தவை, அவற்றைத் திருப்பக் கூடாது.

நொய்யல்கரை

அக்கா, இந்த இழையில் இதுவரை வந்ததில் மிகவும் பயனுள்ள பதிவு உங்களுடையது. இந்தத் தேவைகள் தெரியாமல் பிளேயரைப் பற்றி வாதிட்டுப் பயனில்லை.

சோமனூர் அண்ணாவின் கருத்தை மறுக்கவில்லை. எம்.பி.வி.யின் லுவா வசதி சுத்தமானது. ஆனால் சுட்டியும் பொத்தானும் தமிழில் பெயர் எழுதும் கட்டமும் வேண்டும் என்றால் வி.எல்.சி. 'டயலாக்' என்று ஒரு சாளரம் திறந்து, பொத்தான், பட்டியல், எழுத்துக் கட்டம் எல்லாவற்றையும் கிடைவரிசை எண்ணும் நெடுவரிசை எண்ணும் கொடுத்து அடுக்கலாம். கட்டத்தில் இயங்குதளத்தின் தமிழ் விசைப்பலகை அப்படியே வேலை செய்யும். எம்.பி.வி சாளரம் விசைகளைத் தானே வாங்கிக்கொள்வதற்காக எழுதப்பட்டது, தமிழில் தட்டச்சு செய்ய ஏற்ற இடமல்ல.

நேரக்கடிகாரம் இல்லை என்பதற்கு வழி இருக்கிறது. திரும்ப ஓட்டுவதை நீட்சி செய்யவே வேண்டாம், வி.எல்.சி.யிடமே விட்டுவிடலாம். ஒரு படத்தை இயக்கப் பட்டியலில் சேர்க்கும்போது அதோடு விருப்பங்களையும் கொடுக்கலாம். 'ஸ்டார்ட்-டைம்', 'ஸ்டாப்-டைம்' இரண்டும் வினாடிக் கணக்கில். 'இன்புட்-ரிபீட்' என்பது எத்தனை முறை. பகுதி முடிந்ததும் படத்தின் தொடக்கத்துக்குப் போகாது, நீ கொடுத்த தொடக்க நேரத்துக்கே திரும்பும். பட்டியலில் பெயரைச் சொடுக்கினால், அந்தப் பகுதியை இந்த மூன்று விருப்பங்களோடு சேர்த்து ஓட்டு, முடிந்தது. அக்கா கேட்ட முன்னோட்டத்துக்குத் தொடக்க நேரத்திலிருந்து 2 வினாடி கழித்துக்கொள், அந்த 2 என்பதைப் பயனர் மாற்றும்படி வை.

இதில் கவனிக்க ஓர் இடம் உண்டு. விருப்பங்களில் நேரம் வினாடி. ஆனால் ஓடும் படத்தில் இப்போது எந்த இடம் என்று வி.எல்.சி 3இல் கேட்டால் வருவது மைக்ரோ வினாடி, வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 2 வரிசைப் பதிப்புகளில் அதே கேள்விக்கு வினாடிதான் வந்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளைப் படியெடுத்தால் குறி எல்லாம் ஆகாயத்துக்குப் போய்விடும். வாங்கியவுடன் வகுத்து, உள்ளே எல்லா இடத்திலும் வினாடியாகவே வைத்துக்கொள்.

சோமனூர் தறி

விருப்பங்களாகக் கொடுக்கும் யோசனை எனக்குத் தோன்றவில்லை. நன்றாக இருக்கிறது. சுட்டி விஷயத்திலும் ஒப்புக்கொள்கிறேன், பெண்கள் திடலில் நின்று ஆடும்போது விசை நினைவு கேட்பது நியாயமில்லை.

கண்ணாடித் திருப்பம் எம்.பி.வி.யில் 'எச்ஃபிளிப்' என்ற வடிகட்டி, ஒரு வரி. அதையும் சொல்லி வைக்கிறேன், யாருக்காவது பயன்படும். வன்பொருள் வழியாகப் படத்தை விரிக்கும்படி அமைத்திருந்தால் அந்த வடிகட்டி வேலை செய்யாது, சட்டங்கள் வரைகலை அட்டையின் நினைவகத்திலேயே இருந்துவிடும். 'ஆட்டோ-காப்பி' என்று வைத்தால் திரும்பி வரும்.

நொய்யல்கரை

வி.எல்.சி.யில் அது கருவிகள், விளைவுகளும் வடிகட்டிகளும், காணொளி, வடிவியல் என்று உள்ளே போனால் 'உருமாற்றம்' என்ற பெயரில் இருக்கிறது. கிடைமட்டத் திருப்பம் என்பதைத் தேர்ந்தால் போதும். நீட்சி செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு பதிவுக்கும் 'எதிரே நின்று எடுத்தது', 'பின்னாலிருந்து எடுத்தது' என்று ஒரு குறிப்பைச் சேமித்து, படம் திறக்கும்போது அதைப் பெரிய எழுத்தில் காட்டுவது.

கொடுமுடி

நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன். குறிகளை எந்த வடிவில் சேமிக்கிறீர்கள்?

நீட்சிக்கு மட்டும் புரிகிற லுவா அட்டவணையாகச் சேமித்தால், வி.எல்.சி.யின் அடுத்த பெரிய பதிப்பில் நீட்சி ஓடாமல் போகிற அன்று குறிகளும் போய்விடும். ஒரு குழுவின் உழைப்பு அது. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று உட்கார்ந்து குறித்தவர்கள் அவர்கள். நிரல் போனாலும் அந்தத் தகவல் நிற்க வேண்டும்.

இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, எம்.3.யு இயக்கப் பட்டியல். அது வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரியில் தமிழ்ப் பெயர், அடுத்த வரிகளில் வி.எல்.சி.க்கான தொடக்க நேரமும் முடிவு நேரமும், பிறகு கோப்பின் பாதை. யு.டி.எஃப்-8இல் சேமித்து எம்.3.யு8 என்று பெயரிட்டால் தமிழ் சரியாக வரும். இதற்கு நீட்சியே தேவையில்லை, நோட்பேடில் எழுதலாம்.

இரண்டாவது, இன்னும் உறுதியானது. பதிவை எம்.கே.வி கொள்கலனில் போட்டு, அத்தியாயங்களாகக் குறிகளை உள்ளேயே வைத்துவிடுவது. எம்.கே.வி.யின் அடிப்படையான மெட்ரோஸ்கா வடிவம் 2002 முதல் திறந்த நிலையில் இருக்கிறது. இதைச் செய்து தரும் எம்.கே.வி டூல்நிக்ஸ் கட்டற்ற மென்பொருள். படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே எடுத்து வைக்கும் என்பதால் தரம் குறையாது, நேரமும் ஆகாது. அத்தியாயப் பெயர் தமிழில் இருக்கலாம். கைபேசியில் வி.எல்.சி வைத்திருப்பவர்களுக்கும் அத்தியாயங்கள் தெரியும், எம்.பி.வி.யிலும் தெரியும்.

நான் செருகுநிரல் வேண்டாம் என்று சொல்லவில்லை. குறிப்பதை எளிதாக்கும் வேலைக்குச் செருகுநிரல் வேண்டும். குறித்த பிறகு அது யார் கையிலும் திறக்கிற வடிவில் வெளியே வர வேண்டும்.

அவிநாசித் தேர்

ஐயா, இதை நான் நினைக்கவே இல்லை. 'எம்.3.யு8 ஆகச் சேமி' என்று ஒரு பொத்தான் வைக்கிறேன். உள்ளே சேமிக்கும் வடிவத்தையும் வரிக்கு ஒரு குறியாக வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றுகிறேன்: தொடக்கம், முடிவு, பெயர்.

ஒரு சிக்கல். குழுவில் பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள். அங்கே பெயர் மாறிவிடுகிறது. அப்போது எந்தக் குறி எந்தப் படத்துக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஹாஷ், அதாவது கைரேகை போன்ற அடையாள எண், எடுக்கலாமா?

நொய்யல்கரை

வி.எல்.சி.யோடு வருகிற வி.எல்.சப் நீட்சியைத் திறந்து படி. சப்டைட்டில் தேடுவதற்கு அதில் ஒரு ஹாஷ் முறை இருக்கிறது. கோப்பின் அளவும், முதல் 64 கிலோபைட்டும், கடைசி 64 கிலோபைட்டும் மட்டும் எடுத்துக் கூட்டுகிறார்கள். பெரிய கோப்பை முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. பெயர் மட்டும் மாறினால் இது கண்டுபிடித்துவிடும்.

ஆனால் வழியில் படம் மறுபடி சுருக்கப்பட்டால் ஒரு பைட்டும் ஒத்திருக்காது. அங்கே ஹாஷ் உதவாது. படத்தின் நீளம் பெரும்பாலும் மாறாது என்பதை வைத்து, 'இதே நீளத்தில் இந்தப் பதிவுக்குக் குறிகள் இருக்கின்றன, இதுதானா?' என்று கேள். தானாகப் பொருத்தாதே, பயனரிடம் கேள். தவறான பதிவுக்குக் குறிகள் ஏறினால் அவர்களுக்கு நீட்சி மீது நம்பிக்கை போய்விடும்.

முழுக் கோப்பையும் படித்து ஹாஷ் எடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு என்பதற்கு வேறு காரணமும் உண்டு. நீட்சி ஏறத்தாழ 10 வினாடி பதில் சொல்லாமல் இருந்தால் 'நீட்சி பதிலளிக்கவில்லை, நிறுத்தவா?' என்று வி.எல்.சி கேட்கும். திடலில் நிற்பவர்கள் பயந்து 'ஆம்' என்று அழுத்துவார்கள். நீண்ட வேலை செய்துதான் ஆக வேண்டுமென்றால் இடையிடையே 'கீப் அலைவ்' செயற்கூறை அழைக்க வேண்டும்.

பெருமாநல்லூர்

தாமதமாக வந்து கேட்கிறேன். லுவாவில் எழுதுவதைவிட சி மொழியில் உண்மையான தொகுதியாகவே எழுதினால் என்ன? வேகமும் கிடைக்கும், நேரக்கடிகாரமும் கிடைக்கும்.

நொய்யல்கரை

கற்றுக்கொள்ள எழுதினால் வரவேற்கிறேன். ஒரு குழு நம்பிப் பயன்படுத்தப் போவதற்கு வேண்டாம். வி.எல்.சி.யில் கோடெக், வடிகட்டி, வெளியீடு எல்லாமே தொகுதிகள்தான், அந்த அமைப்பு அழகானது. ஆனால் சி தொகுதி வி.எல்.சி.யின் உள்மையத்தோடு நேராகப் பேசுகிறது. அந்தப் பேச்சுமுறை பெரிய பதிப்புக்குப் பெரிய பதிப்பு மாறும், மாறாது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. 3.0க்குத் தொகுத்த தொகுதியை 4.0 ஏற்காது. விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று எனத் தனித்தனியாகத் தொகுக்கவும் வேண்டும். லுவா கோப்பு என்றால் ஒரே கோப்பு, நோட்பேடில் திறந்து படிக்கலாம். விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் 'வி.எல்.சி, லுவா, எக்ஸ்டென்ஷன்ஸ்' கோப்புறையிலும், லினக்ஸில் வீட்டுக் கோப்புறையின் 'லோக்கல், ஷேர்' கீழே அதே பெயரிலும் வைத்தால் ஓடும். இங்கே வேகம் தேவையே இல்லை. ஒரு பெயரைச் சொடுக்குகிறார்கள், அவ்வளவுதான்.

பெருமாநல்லூர்

புரிகிறது. அப்படியென்றால் இதை எந்த உரிமத்தில் வெளியிடுகிறீர்கள்? எங்கே?

கொடுமுடி

ஜி.பி.எல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 'அல்லது அதற்குப் பிந்தையது' என்று போடுவதே என் விருப்பம். வி.எல்.சி பிளேயரே அந்த உரிமத்தில்தான் இருக்கிறது. அது 1996இல் பாரிஸ் எகோல் சென்ட்ரல் மாணவர்கள் தொடங்கிய வேலை. 2001இல் கல்லூரி சம்மதித்து ஜி.பி.எல்.இல் வெளிவந்த பிறகுதான் உலகமெல்லாம் கை சேர்ந்தது. பிற்பாடு அதன் இயந்திரப் பகுதியை மட்டும் எல்.ஜி.பி.எல் என்ற தளர்வான உரிமத்துக்கு மாற்றினார்கள். அதற்காக நூற்றுக்கணக்கான பங்களிப்பாளர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. முதல் நாளே உரிமத்தைக் கோப்பின் தலையில் எழுதிவிடு தம்பி. பிறகு ஒவ்வொருவரையும் தேட வேண்டியிருக்காது. வி.எல்.சப்பிலிருந்து ஹாஷ் பகுதியை எடுப்பதாக இருந்தால் அதன் உரிமமும் ஜி.பி.எல்., அதனாலும் இதுவே பொருத்தம்.

நிரலோடு மாதிரிக்காகக் கும்மிப் பதிவு எதையும் ஏற்றிவிடாதே. நிரல் உன்னுடையது. பாட்டும் ஆட்டமும் ஆசிரியருடையவை, ஆடுகிறவர்களின் முகமும் அதில் இருக்கிறது. வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தபின் இந்தக் கலையை நாடெங்கும் பார்க்கிறார்கள். ஊர்ப் பதிவுகள் கேட்காமலே எங்கெங்கோ போய்ச் சேருகின்றன. சோதனைக்கு ஓர் எண் மட்டும் ஓடுகிற வெற்றுப் படம் செய்து வைத்துக்கொள், அது போதும்.

அன்னூர் கும்மி

ஐயா சொன்னது சரி. எங்கள் ஆசிரியரிடம் கேட்காமல் எதையும் வெளியே போடக் கூடாது. குறிகள் பட்டியலை மட்டும் மற்றக் குழுக்களுக்குக் கொடுக்கலாம் என்றால் அதற்கு அவர் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். அதே ஆசிரியரிடம் கற்கும் வேறு ஊர்க் குழுக்களும் இருக்கின்றன.

அவிநாசித் தேர்

அத்தை வீட்டில் புதிய நிரலை வைத்துச் சோதித்தேன். தமிழ்க் கணக்குப் பெயர், தமிழ்க் கோப்புப் பெயர், இரண்டிலும் குறிகள் சேமிக்கப்படுகின்றன. பெயர் வெட்டுவதும் பவானி ஐயா சொன்ன முறையில் மாற்றியாகிவிட்டது, கடைசி எழுத்து உடையவில்லை.

எதிர்பாராத ஒன்று: பகுதி திரும்பத் தொடங்கும்போது சில பதிவுகளில் படம் அரை நொடி தாமதமாக, வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. சில பதிவுகளில் மிகச் சரியாக இருக்கிறது.

சோமனூர் தறி

அது முழுச்சட்டங்களின் இடைவெளி. சுருக்கிய படத்தில் எல்லாச் சட்டமும் முழுமையாக இருக்காது, இடையிடையே வருகிற முழுச்சட்டத்தை வைத்துத்தான் மற்றவை வரையப்படும். இடைவெளி நீளமாக உள்ள பதிவில் நடுவில் குதித்தால், முந்தைய முழுச்சட்டத்துக்குப் போய் அங்கிருந்து விரித்து வர வேண்டும், அல்லது அங்கிருந்தே காட்ட வேண்டும். அமைப்புகளில் 'விரைவு நகர்வு' தேர்ந்திருந்தால் இரண்டாவது நடக்கும். அந்த மடிக்கணினியில் அது தேர்வாகியிருக்கிறதா என்று பார். தேர்வை எடுத்துவிட்டும் தாமதம் இருந்தால், அக்கா கேட்ட முன்னோட்டத்தை 2 வினாடியிலிருந்து 3 ஆக்கு.

அவிநாசித் தேர்

விரைவு நகர்வு தேர்வாகித்தான் இருந்தது அண்ணா. எடுத்துவிட்டதும் சரியாகிவிட்டது. இதை நிறுவும் குறிப்பில் முதலிலேயே எழுதுகிறேன். குறிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைக்கிறேன்.

நொய்யல்கரை

நிறுவும் குறிப்பில் இன்னொன்றும் சேர். வி.எல்.சி நிறுவியின் ஒரு படியைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளச் சொல். 2022இல் வி.எல்.சி.யை வெளியிடும் வீடியோலேன் தளம் இந்தியாவில் பல மாதம் திறக்கவில்லை, நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்தக் காலத்தில் போலித் தளங்களிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. லுவா நீட்சியும் பயனரின் கோப்புகளைத் தொடக்கூடிய நிரல்தான். ஆகவே இதையும் உன் களஞ்சியத்திலிருந்து மட்டும் எடுக்கும்படி எழுது.

பவானி கூடுதுறை

களஞ்சியம் திறந்ததும் இணைப்பை இங்கே இடு. இங்கே ஜமக்காளம் நெய்யப் பழகுகிறவர்களுக்குப் பாவு பிணைப்பதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே வேலை தேவைப்படுகிறது: கை போகிற இடம் மட்டும், மெதுவாக, திரும்பத் திரும்ப. அவர்கள் கணினி லினக்ஸ். நான் அதில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

அவிநாசித் தேர்

கட்டாயம் ஐயா. லினக்ஸில் நான் சோதிக்காத ஒன்று, ஏற்கெனவே எகரக்குறியும் கால்குறியுமாகப் பிரிந்து எழுதப்பட்ட கோப்புப் பெயர்கள். நீட்சி ஒகரக்குறியாக மாற்றிச் சேமிப்பது பெயரை மட்டும்தான், பாதையைத் தொடாது. பாதையையும் மாற்றினால் லினக்ஸ் அதை வேறு கோப்பு என்று எண்ணிவிடும் அல்லவா? அங்கே 'கொ' வருகிற கோப்பு ஒன்றை முதலில் திறந்து பாருங்கள்.

பவானி கூடுதுறை

சரியாகப் பிடித்துவிட்டாய். லினக்ஸுக்குப் பெயர் என்பது பைட் வரிசை, ஒன்று மாறினாலும் வேறு கோப்புதான். பாதையைத் தொடாமல் விடு. 'கொசுவம்' என்று ஒரு பதிவு இங்கேயே இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.